எவ இவ?

அப்பா என் படத்தைச் செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் ஓரம் பிடித்துத் தூக்கினார்.

பேஸ்டல் வண்ணக்கட்டியின் தூள் அவர் சட்டையில் உதிர்ந்தது.

மறுநாள் கண்காட்சிக்குப் போக வேண்டிய படம். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருக்கும் நிர்வாணப் பெண். முழங்கை முகத்தை மறைத்திருந்தது. வயிறு ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. அதன் நிழலுக்கு மட்டும் இரண்டு ஊதாக் கட்டிகளைத் தேய்த்துத் தீர்த்திருந்தேன்.

"எவ இவ?"

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் வரைந்தேன்.

அப்பா அச்சகம் வைத்திருக்கிறார். அவர் அச்சடிக்கும் நாள்காட்டியில் வருடா வருடம் ஒருத்தி நனைந்த துணியோடு நிற்பாள். இந்த வருடத்துக்காரி பத்து மாதமாக எங்கள் கூடத்துச் சுவரில் நிற்கிறாள். அவளை எவள் என்று யாரும் கேட்டதில்லை. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் தாளைத் தடவிப் பார்த்து, என்ன வழவழப்பு என்பார்கள்.

"இப்பல்லாம் இதுக்குப் பேரு கலையா? அதுலயும் பாக்குற மாதிரி ஒருத்தி கிடைக்கலையா உனக்கு? தொளதொளன்னு... வயசானதுக்குக் கூட வெக்கமில்ல."

எனக்குக் காது சுட்டது. பிடுங்கினால் கிழிந்துவிடும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவர் இரண்டு கையாலும் தாளைப் பிடித்தார். மேல் ஓரம் ஒரு விரல் அளவுக்குக் கிழிந்தது.

சமையலறையிலிருந்து அம்மா வந்தாள். கை ஈரத்தைக்கூடத் துடைக்கவில்லை. அப்பாவுக்கு எதிரில் அவள் நின்று பேசி நான் பார்த்ததே இல்லை. அன்றும் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவள் தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. பயத்தில் அல்ல.

"அஞ்சு நாள் அசையாம படுத்திருந்தேன். இடுப்பு விட்டுப்போச்சு. கிழிக்கிறதுன்னா கிழிங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது நல்லாப் பாருங்க."

அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருடம்.

அம்மா அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தாளை வாங்கிக்கொண்டாள்.

அப்பா படத்தைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்லி அவரைக் காப்பாற்றுவேன் என்பதுபோல.