ஒரே மேசையில்

லொரெட்டா காரின் கண்ணாடியில் தட்டிய தட்டில், வெர்னனின் காப்பி மடியில் கொட்டியது.

"கதவைத் திற!"

திறந்தான். பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தவள் முதலில் பின் சீட்டைத்தான் பார்த்தாள். பெண் யாரும் இல்லை. ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்த லேப்டாப் மட்டும் இருந்தது. திரையில் பச்சை மேசை, சீட்டுகள், பந்தயச் சில்லுகள்.

"போக்கரா?"

வெர்னன் மடியில் கொட்டிய காப்பியைத் துடைத்தான்.

இரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல், சர்ச் முடிந்த கையோடு "ஹீட்டர் ரிப்பேர்" என்று கிளம்பிவிடுகிறான். வெயில் கொளுத்தும் ஜூலை மாதத்தில் யாருக்கு ஹீட்டர் ரிப்பேர் என்பது இன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. தங்கையின் காரை வாங்கிக்கொண்டு பின்னாலேயே கிளம்பி, பாதி வழியில் தவறவிட்டு, தேடித் தேடிச் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தாள். ஒஹாயோ எல்லையைத் தாண்டி மிச்சிகனில் முதலில் வந்த ஹார்டுவேர் கடை வாசலில் ஐயா காரை நிறுத்தியிருக்கிறார்.

"பொம்பளை யாராவது இருந்திருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன் வெர்ன். இதை மன்னிக்க மாட்டேன். இந்தச் சீட்டுக்காகத்தானே டெரிக்கைத் துரத்தினே?"

"லொரெட்டா..."

"அன்னிக்கு என்ன சொன்னே? 'சூதாடிக்கு என் மேசையில இடமில்லை, எழுந்து போ'ன்னே. பெத்த பிள்ளை பாதிச் சாப்பாட்டுல எழுந்து போனான். ஆறு வருஷமாச்சு. போன் நம்பரை மாத்திட்டான். போட்ட கிறிஸ்துமஸ் கார்டெல்லாம் திரும்பி வருது. இப்ப நீ ஒளிஞ்சு வந்து அதே சீட்டை ஆடறே!"

"நம்ம ஒஹாயோவுல இதை ஆட முடியாது. எல்லையைத் தாண்டினாத்தான் இந்த வெப்சைட் உள்ளே விடும்."

"ஆமா, அதுதான் இப்ப ரொம்ப முக்கியம்!"

திரையில் அவனுக்கு இரண்டு ராணிகள் வந்தன, நல்ல சீட்டு. கீழே போட்டு அந்தச் சுற்றிலிருந்து விலகிவிட்டான்.

"ஆடவும் தெரியலை. எல்லாத்தையும் கீழ போடறதுக்கா இவ்வளவு தூரம் வந்தே?"

"ஜெயிக்க நினைக்கறவன் துணிஞ்சு ஆடுவான். நான் வெளியே போயிடாம இருக்க ஆடறேன். மத்தியானம் ஆயிரத்து நூறு பேர் உட்கார்ந்தோம், நூத்தி இருபது மேசை. யாருக்கு எந்த மேசைன்னு கம்ப்யூட்டர் போடும். ஆள் தோத்துப் போகப் போக, மேசைகளைக் கலைச்சு மிச்சமிருக்கிறவங்களை ஒண்ணாச் சேர்த்துடும். கடைசிவரைக்கும் தாக்குப்பிடிச்சா எல்லாருக்கும் ஒரே மேசைதான்."

"அந்த மேசையில அப்படி என்ன இருக்கு?"

வெர்னன் விரலை நீட்டினான். அவனுக்கு அடுத்த நாற்காலியில் ஒரு பெயர் இருந்தது. பிஸ்கட்418.

லொரெட்டா திரைக்கு அருகில் குனிந்தாள். பிஸ்கட், டெரிக் ஏழு வயதில் தூக்கிக்கொண்டு வந்த நாய். 418, அவர்கள் வீட்டுக் கதவு எண்.

"அவனா?"

"அவன்தான். இந்தப் பேரைக் கண்டுபிடிக்கவே நாலு மாசமாச்சு. அதுக்கப்புறம்தான் ஆடக் கத்துக்கிட்டேன். ரெண்டு வருஷத்துல இதோட மூணாவது தடவை ஒரே மேசை கிடைச்சிருக்கு."

பெயர் சட்டென்று ஒளிர்ந்தது. அவனுடைய முறை. எங்கேயோ ஒரு அறையில் தன் பிள்ளையின் விரல் இந்த நிமிடம் அசைகிறது என்று நினைத்துக்கொண்டாள். திரையில் அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தாள்.

"சாப்பிட்டானோ என்னவோ," என்றாள். "ஆடாம சும்மா பார்த்துக்கிட்டிருக்க விடமாட்டாங்களா?"

"விடுவாங்க. ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கறதும் கூட உட்கார்றதும் ஒண்ணாகுமா?"

"நீதான்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா எழுந்து போயிடுவானே."

அவள் கணவனின் பெயரைப் பார்த்தாள். ஹீட்டர்காரன்61.

"தொழிலையும் பொறந்த வருஷத்தையும் எழுதி வச்சுட்டு, மறைஞ்சு ஆடறியாக்கும்?"

"மிச்சிகன்ல ஹீட்டர்காரனுக்கா பஞ்சம்?"

ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டாயமாக வைக்க வேண்டிய சில்லுகள் ஏறிக்கொண்டே போயின. வெர்னனிடம் ஒரு கைப்பிடி கூட மிச்சமில்லை.

"இனிமே காத்திருக்க முடியாது. இருக்கறதை மொத்தமாத் தள்ளியாகணும். எல்லாரும் விலகிட்டா பிழைச்சேன். யாராவது நல்ல சீட்டை வச்சுக்கிட்டு எதிர்த்தா, நான் வெளியே."

"விலகுவாங்களா?"

"கையில என்ன இருக்கோ அதைப் பொறுத்தது. ரெண்டு ஏஸ் வந்திருந்தா மட்டும் எவனும் விலக மாட்டான். அதை விட பெரிய சீட்டு கிடையாது. அதைக் கீழ போட்டவனை நான் பார்த்ததே இல்லை."

தள்ளினான்.

ஒருவர் விலகினார். அடுத்தவர் விலகினார். வரிசையாக எல்லோரும் விலகி, கடைசியில் ஒரே ஒரு பெயர் ஒளிர்ந்தது. பிஸ்கட்418.

நொடிகள் ஓடின. பத்து. பதினைந்து. இவ்வளவு நேரம் அவன் யோசித்ததே இல்லை.

"வேண்டாம்டா கண்ணு," என்று லொரெட்டா திரையைப் பார்த்துச் சொன்னாள். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்டா."

பிஸ்கட்418 விலகினான்.

வெர்னன் மூச்சு விட்டான். "தப்பிச்சேன். அவன்கிட்ட ஒண்ணுமில்லை போல."

விலகியவன் தன் சீட்டை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. யாரும் காட்டுவதும் இல்லை. ஆனால் அந்த நாற்காலிக்கு முன்னால் இரண்டு சீட்டுகளும் ஒவ்வொன்றாகத் திரும்பின.

ஏஸ். இன்னொரு ஏஸ்.

மேசையில் இருந்த யாரோ ஒருவர் எழுதினார்: "உனக்கென்ன பைத்தியமா?"

பிஸ்கட்418 பதில் எழுதவில்லை. எழுந்து போகவும் இல்லை.

லொரெட்டா வெர்னனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னை எழுந்து போன்னு அவன் சொல்லலை, வெர்ன்."