அக்கரை தெரிய ஒரு லென்ஸ்

"புரை எடுத்துட்டு வைக்கிற லென்ஸ் கிட்டப் பார்வைக்கு வேணுமா, தூரத்துக்கா? கண்ணாடி இல்லாம எது தெரியணும்னு நீங்கதான் சொல்லணும், அம்மா" என்றாள் டாக்டர்.

"தூரத்துக்குத்தான்" என்றாள் சைராகுல், பட்டென்று. இரண்டு கண்ணிலும் புரை. கிர்கிஸ்தானின் நரின் நகரத்துக்குப் புதிதாக வந்திருந்த கண் டாக்டர் அவளுக்கு ஒரு வெள்ளைப் புகையாகத்தான் தெரிந்தாள். போதாக்குறைக்கு முகக்கவசம் வேறு.

"உங்க வயசுல கிட்டத்துக்குத்தான் கேப்பாங்க. ஊசி கோர்க்க, போன் பார்க்க..."

"போன்ல என்ன கிடக்கு? என் மருமக பார்க்கிறது போதாதா? ஆத்துக்கு அக்கரையில ஒரு மலைச்சரிவு. அங்கதான் என் வீட்டுக்காரரை அடக்கம் பண்ணியிருக்கு. என் வாசல்ல நின்னா அந்தக் கபர் தெரியும். ரெண்டு வருஷமா அதுவும் தெரியல."

"பக்கத்துலதானே? போய்ப் பார்த்துட்டு வரலாமே?"

"மாமியார் ஊராச்சே. அங்க நான் காலெடுத்து வைக்கக் கூடாது."

டாக்டர் அவளுடைய கீழிமைக்குள் ஒரு காகிதத் துண்டைச் செருகி, ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்காரச் சொன்னாள். வாயை மூடச் சொல்லவில்லையே! சைராகுல் தொடர்ந்தாள்.

"அவர் போய்ப் பதினாறு வருஷமாச்சு. எங்க வழக்கப்படி, சாவுக்குப் போட்ட கூடாரத்துக்குள்ள சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஒப்பாரி வெச்சேன். தொண்டை கிழிஞ்சுது. கண்ணுல மட்டும் பொட்டுத் தண்ணி வரல. தலைநகரம் பிஷ்கெக்ல படிச்சிட்டிருந்த நாத்தனார் ஓடி வந்தா. என் கன்னத்தைத் தடவிப் பார்த்து, 'ஈரமே இல்ல, பாருங்க! எங்கண்ணன் செத்ததுல இவளுக்குச் சந்தோஷம்'னா. அவ்வளவுதான், இனிமே ஊருக்குள்ள வரக் கூடாதுன்னுட்டா மாமியார். பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு இக்கரைக்கு வந்துட்டேன்."

டாக்டர் காகிதத்தை எடுத்தாள். அந்த வெள்ளைப் புகை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்ந்து அங்கேயே நின்றது.

"என்ன டாக்டர், ஆபரேஷன் கிடையாதா?" என்று கேட்டாள் சைராகுல்.

"காகிதம் நனையவே இல்ல. கண்ணு இப்படி வறண்டிருந்தா லென்ஸ் அளவு தப்பாயிடும். முதல்ல ஒரு மாசம் சொட்டு மருந்து. அப்புறம் அளவெடுத்து, தூரத்து லென்ஸே வெச்சிடலாம்." டாக்டர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தாள். "வாயும் வறளுமா?"

"டீ இல்லாம ரொட்டியே இறங்காது. சின்னவன் பிறந்ததுலேர்ந்து அப்படித்தான். அவனுக்கு இப்போ இருபத்துநாலு."

"அப்போ... அந்தச் சாவுக்கு முன்னாடியே இந்த வியாதி உங்களுக்கு இருந்திருக்கு."

"வியாதியா? என் மனசே கல்லுதான் போலன்னு நானே நம்பிட்டேனே, டாக்டர்!"

டாக்டர் அவள் தலையை நிமிர்த்தி, இரண்டு கண்ணிலும் மருந்து விட்டாள். குளுகுளுவென்று இருந்தது. அடுத்த சொட்டு சைராகுலின் புறங்கையில் விழுந்தது, சூடாக.

"மருந்து கையில சிந்திடுச்சு, டாக்டர்."

"அது மருந்து இல்ல, அண்ணி."