ராசியில்லாத வருஷங்கள்

நெப்போலியனின் போர் மூளையை ஏற்றிய கருவியை நாமக்கல் லாரி முதலாளிகளில் முதலில் காதில் மாட்டிக்கொண்டவர் தனசேகர்தான். அது சொன்னபடி கேட்டுத்தான் அவருடைய பத்து லாரி நூறானது.

இன்று லடாக் மலைப்பாதையில் பனி கொட்டியது. வரிசையாகப் போன அவருடைய லாரிகளில் முன்னால் போனதை ஓட்டிய மைத்துனன் பூபதி போனில் கத்தினான்.

"மாமா, பின்னால வழி இன்னும் தெரியுதுங்க. இப்பவே திரும்பிரட்டுங்களா?"

தனசேகர் காதைத் தொட்டார்.

"முன்னேறு" என்றது கருவி, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கிற குரலில்.

மனைவி கோகிலம் பதறினாள். "ஏனுங்க, பனியில போய்த்தான் அந்தாளு படையையே தொலைச்சான்னு பள்ளிக்கூடத்துல படிச்சமே! அது இதுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியாது" என்றார் தனசேகர். "பூசை போட்டு மாட்டறப்ப, தோத்த கதை காதுல விழக்கூடாதுன்னு ராசியில்லாத வருஷத்தையெல்லாம் நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"அப்ப நீங்க சொல்லுங்க. எந்தம்பி காத்துட்டிருக்கான்."

தனசேகர் வாயைத் திறந்தார். சொந்தமாக ஒரு முடிவைச் சொல்லி எத்தனையோ வருஷமாகிவிட்டது. கை தானாகக் காதுக்குப் போனது.

"முன்னேறு" என்றது கருவி மறுபடியும்.

"மாமா..." பூபதியின் குரல் விட்டு விட்டு வந்தது. "இப்பப் பின்னாலயும் வழி தெரியலைங்க."