பெருவிரல் பள்ளம்

"நீ இடது கைக்காரியாடி?" என்று சித்தப்பா ஒருநாள் அவளைக் கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினாள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவளை நம்பி வீட்டில் ஒப்படைத்திருந்த ஒரே வேலை, சித்தப்பா சேர்த்து வைத்திருந்த முப்பத்தொரு பழைய ஃபெல்ட் தொப்பிகள்தான். சாயங்காலம் தூசி தட்டி, கெட்டில் ஆவியில் காட்டி, உச்சியை நிமிர்த்தி வைப்பாள். எல்லாம் சொன்ன பேச்சுக் கேட்கும், சாம்பல் நிறத் தொப்பியைத் தவிர. போன மாதம் பழைய சாமான் கடையில் வாங்கியது அது. சித்தப்பா இன்னும் போடவே இல்லை.

வலது கையால் உச்சியைப் பிடித்து எடுக்கிற தொப்பியில் பெருவிரல் அழுத்திய பள்ளம் இடப்புறம் விழும். இதில் தினமும் காலையில் வலப்புறம் விழுந்திருந்தது; வீட்டில் சித்தப்பா உட்பட யாருமே இடது கைக்காரர் இல்லை.

"பொய்னு தெரிஞ்சா தொப்பி அலமாரிப் பக்கமே வரக் கூடாது."

"நீங்களே பூட்டி சாவிய வச்சுக்குங்க, சித்தப்பா."

மறுநாள் காலையில் அவரே பூட்டைத் திறந்தார். சாம்பல் தொப்பியில் வலப்புறம் புதுப் பள்ளம். அவள் தன் பெருவிரலை வைத்துப் பார்த்தாள். பள்ளத்தில் இன்னொரு விரலுக்கும் இடமிருந்தது.

"அட, நீ இல்லம்மா! பேய்க்கும் தொப்பி ஆசை வந்துடுச்சு போல," என்று சிரித்தார் சித்தப்பா. "இந்தா, சாவி இனிமே உன்கிட்டயே இருக்கட்டும்."

ஆபீசுக்கு அந்தத் தொப்பியையே மாட்டிக்கொண்டார்.

"இதுக்கு முன்னாடி யாரு போட்டிருந்தாங்க, சித்தப்பா?"

அவர் திரும்பினார். முன்பின் அறியாத ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார். இடது கையால் தொப்பியை மரியாதையாக உயர்த்தி, மறுபடி தலையில் வைத்து, படியிறங்கிப் போனார்.