கல்லும் புளியங்குச்சியும்

சூடாமணி மாமிக்குப் பொறுக்கவில்லை. கிழக்கேகோட்டைக்குக் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்றாலும், கண்ணில் பட்டதைச் சொல்லாமல் எப்படி இருப்பது? நேரே பக்கத்து வீட்டு சீதாலக்ஷ்மியிடம் போனாள்.

"உங்காத்துக்காரர் ஏதோ ராக் பேண்டுல டிரம்ஸ் வாசிக்கறாராமே, அதைக்கூட விடு. ஐம்பது வயசுல, கோவில்ல கொட்டற செண்டை கத்துக்கப் போறாரே, தெரியுமோ? ஆசான் வீட்டு முற்றத்துல, நண்டுஞ்சிண்டுமா குழந்தைகள் நடுவுல உட்கார்ந்து, செண்டையைத் தொடறதுக்கு முன்னாடி பழகறதுக்காம், புளியங்குச்சியால கல்லுல தட்டிண்டிருக்கார். கோவிலுக்குப் போறச்சே தினமும் பார்க்கறேன். மானம் போறது!"

"நேத்திக்கும் பார்த்தேளா?"

"நேத்திக்குக் காணோம். அவருக்கே வெட்கமாப் போயிருக்கும்."

சீதாலக்ஷ்மியின் முகம் சிவந்தது. அந்த நேரம் பார்த்து நீலகண்டன் ஆபீசிலிருந்து வந்து நுழைந்தார்.

"உங்களுக்கு வெட்கமா இல்லையா?" என்று சீறினாள்.

மாமிக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. "நன்னாக் கேளு!"

"நேத்திக்கு ஏன் கிளாசுக்குப் போகலை?"

மாமி விழித்தாள்.

"கை வலிக்கறதுடீ" என்று இழுத்தார் நீலகண்டன். "பதினெட்டு வருஷமா வாசிக்கறேன், போறாதா?"

"பதினெட்டு வருஷமா அதே டமடமா! ஜனங்க எத்தனை நாள் கை தட்டுவா? நான் இந்த வயசுல, கோவில் சன்னதிப் படியோரம் பாடற சோபானப் பாட்டுக் கத்துண்டு புதுசா மெட்டுப் போடறேன், உங்களுக்குக் கை வலிக்கறதோ? கத்துக்காதவாளுக்கு என் பேண்டுல இடமில்லை!"

"உன் பேண்டா?" என்றாள் மாமி.

"அறுபத்தாறாம் வருஷத்துல நான் ஆரம்பிச்சது மாமி. நான்தான் பாடறேன்."

சீதாலக்ஷ்மி மாமியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தாளம் வருமோ?"