அலுமினியம் இருந்த இடம்

ஒரே உலையில் உருகிக் கலந்ததிலிருந்து நிக்கலும் அலுமினியமும் நகமும் சதையுமாக இருந்தார்கள். இருவரையும் சேர்த்துப் பொடியாக்கி, சூடான காஸ்டிக் சோடாத் தண்ணீரில் கொட்டியபோது நிக்கலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அலுமினியம்தான் கரைய ஆரம்பித்தாள்.

"என்னைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ!" என்று கதறினான் நிக்கல்.

"முடியலப்பா. நீ இடிஞ்சு உட்கார்ந்துடாதே," என்றவள் நுரைத்து நுரைத்துக் கரைந்தே போனாள்.

நிக்கலின் உடம்பெங்கும் ஓட்டைகள். அத்தனையும் அவள் இருந்த இடங்கள். அவற்றில் ஒன்றில் ஹைட்ரஜன் குமிழி ஒன்று வந்து ஒதுங்கியது.

"எந்திரி! அது ஆள் வர்ற இடம்," என்று சீறினான் நிக்கல்.

"தெரியும்ண்ணே. அவங்க கரையும்போதுதான் நான் பொறந்தேன். அவர் தனியா இருப்பாரு, போய்ப் பக்கத்துல உட்காருன்னு அவங்கதான் அனுப்பினாங்க."



"சரி, உட்காரு," என்றான் நிக்கல். "அவ வந்தா மட்டும் எழுந்துக்கணும்."