முதல் ஸ்லாட் காலி

மனிதகுலத்தின் கவனத்துக்கு: எங்கள் மருத்துவமனை எதையும் மறப்பதில்லை.

அடித்தளத்து டேப் அறையின் கதவில், கண்ணாடிச் சட்டம் போட்டு, டைரக்டர் இப்படித்தான் எழுதி மாட்டியிருந்தார்.

கதவுக்குப் பின்னால் அதே மருத்துவமனை எதையோ மறந்துவிட்டுத் திருதிருவென முழித்துக்கொண்டிருந்தது.

மேலே ஒரு நோயாளியின் நுரையீரலில் ஏதோ புள்ளி தெரிகிறது. பழைய ஸ்கேன் படத்திலும் அது இருந்தால் விட்டுவிடலாம். இல்லையென்றால் இன்றைக்கே கத்தி வைக்க வேண்டும். பழைய படங்கள் எல்லாம் கணினியிலிருந்து டேப்புக்குப் போய்விடும். இந்தப் படம் முதல் டேப்பில் இருக்கிறது.

முதல் டேப்தான் எங்கேயும் இல்லை.

பீரோ அளவு இயந்திரம். உள்ளே வரிசையாக ஸ்லாட்டுகள், ஸ்லாட்டுக்கு ஒரு டேப், கேட்டதை எடுத்துத் தர ஒரு இரும்புக் கை. கணினியின் கணக்கில் நாற்பத்தெட்டு டேப்புகள். இயந்திரத்தின் கணக்கில் நாற்பத்தேழு. முதல் ஸ்லாட் காலி என்று அது சாதித்தது.

"எத்தனை நாளா இப்படிக் காட்டுது, அண்ணா?" என்றாள் சரிபார்க்க வந்திருந்த எஞ்சினியர்.

"அது ரொம்ப நாளா காட்டுதும்மா. தினமும் காலையில வரும். நானும் ஓகே அமுக்கிடுவேன்."

சொன்னவர் ஆபரேட்டர். எந்த எச்சரிக்கை வந்தாலும் ஓகே அமுக்கியே பேர் வாங்கியவர். கட்டடம் முழுக்க அவருக்கு ஓகே அண்ணன் என்றுதான் பெயர்.

"என்னன்னு படிச்சுப் பாக்க மாட்டீங்களா?"

"படிச்சா அப்புறம் எப்படிம்மா ஓகே அமுக்குறது?"

அவள் கதவைத் திறந்து விரல் வைத்து எண்ணினாள். நாற்பத்தெட்டு.

சந்தேகத்துக்குக் கீழேயிருந்து மேலே எண்ணினாள். அப்போதும் நாற்பத்தெட்டு.

முதல் ஸ்லாட்டில் டேப் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. மனிதக் கண்ணுக்குத் தெரிகிறது, இயந்திரத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. மனிதர்கள் தவறவிடுவதைக் கண்டுபிடிக்கும் என்று சொல்லித்தான் அதை வாங்கியிருந்தார்கள்.

மத்தியானம் சாப்பிடாததுகூட அவளுக்கு மறந்துபோயிற்று. டேப்பை உருவி விளக்குக்குக் கீழே திருப்பினாள்.

டேப்பின் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளின் கறுப்புக் கோடுகளைப் படித்துத்தான் இயந்திரம் இன்ன டேப் என்று தெரிந்துகொள்ளும். கோடு படியவில்லை என்றால் அதைப் பொறுத்தவரை அங்கே ஒன்றுமே இல்லை.

கோடுகளின் மேல், பட்டை மார்க்கரில், வாலைச் சுழற்றிச் சுழற்றி ஒரு கையெழுத்து.

"டைரக்டர் சார் போட்டது. ஆண்டு விழா அன்னிக்கு, முதல் டேப்னு கேட்டு வாங்கிப் போட்டாரு," என்றார் ஓகே அண்ணன். குரல் தானாகவே தணிந்தது.

அவள் அதே எண்ணில் புது லேபிள் அடித்து எடுத்தாள். ஓகே அண்ணன் குறுக்கே வந்து நின்றார்.

"சாரை ஒரு வார்த்தை கேட்டுடும்மா. நான் குடும்பஸ்தன்."

டைரக்டர் ஃபோனில் கிடைத்தார். குரலில் கொஞ்சம் சோர்வு. கம்பீரத்துக்கு ஒரு குறையும் இல்லை.

"சார், ஒரு நோயாளியோட பழைய படம் அவசரமா வேணுமாம். உங்க கையெழுத்து மேல லேபிள் ஒட்டினாத்தான் மெஷின் எடுக்கும்."

"அது கையெழுத்து இல்லம்மா, வரலாறு. கமிட்டி கூடி முடிவு பண்ணட்டும்."

"கமிட்டில யார் யாரு சார்?"

"நான்தான்."

"அதுவரைக்கும் அந்த நோயாளி?"

"நோயாளின்னா பொறுமை வேணும்மா," என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

அவள் திரும்பினாள்.

"அண்ணா, சார் வேணாம்னு எச்சரிக்கிறாரு."

"ஓகே," என்றார் ஓகே அண்ணன், பழக்க தோஷத்தில்.

சொன்ன பிறகு அவர் முகம் வெளுத்தது. அதற்குள் வரலாற்றின் மேல் லேபிள் ஏறிவிட்டது.

கதவை மூடினாள். இரும்புக் கை சரசரவென்று இறங்கியது. முதல் ஸ்லாட்டின் முன்னால் ஒரு கணம் நின்றது. பிறகு, இத்தனை நாளும் அங்கேதான் இருந்தது தனக்குத் தெரியும் என்பதுபோல் டேப்பை எடுத்துக்கொண்டு போனது.

படம் மேலே போய்ச் சேர்ந்தது. அதே இடத்தில் அதே அளவில் அதே புள்ளி. கத்தி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டைரக்டரை மாலையே டிஸ்சார்ஜ் செய்தார்கள்.